ஓப்பன் செஸ் போட்டியை வீட்டிலிருந்தே பின்தொடர்வது எப்படி? ரெய்க்யவிக் ஓப்பனை வைத்து ஒரு வழிகாட்டி

உலக சாம்பியன்ஷிப் மேட்ச் பார்ப்பது சுலபம். ஒரே பலகை, இரண்டே பேர், யார் முன்னிலை என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்து ஆடக்கூடிய ஓப்பன் போட்டி அப்படியல்ல. ஒரே கூடத்தில் நூறு பலகைக்கு மேல் ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும். 2650 ரேட்டிங் (ஆட்ட பலத்தைக் காட்டும் எண்) உள்ள கிராண்ட்மாஸ்டரும் எட்டாம் வகுப்பு மாணவனும் ஒரே பட்டியலில் இருப்பார்கள். புதிதாகப் பார்க்க வருபவர்கள் முதல் பலகையைத் திறந்து வைத்துக்கொண்டு, யாருக்குச் சாதகம் என்று கணினி நிரல் கணித்துக் காட்டும், ஓரத்தில் ஏறி இறங்கும் என்ஜின் பட்டையையே பார்த்திருந்துவிட்டு, மூன்றாவது நாள் அலுத்துப்போய் விட்டுவிடுவது வழக்கம். ஓப்பனின் சுவாரசியத்தில் பாதிகூட முதல் பலகையில் கிடையாது. யாருக்கு யார் எதிராளி என்று சொல்லும் பேரிங் பட்டியலைப் படிக்கத் தெரிந்தவருக்குத்தான் அது முழுசாகக் கிடைக்கும்.

உதாரணத்துக்கு ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் ஓப்பனை எடுத்துக்கொள்வோம். 1964இல் தொடங்கிய போட்டி. முதல் வருடம் முன்னாள் உலக சாம்பியன் மிகயில் டால் 13 ஆட்டத்தில் 12.5 புள்ளி எடுத்து ஜெயித்தார். உலக சாம்பியன் பட்டத்துக்காக ஃபிஷரும் ஸ்பாஸ்கியும் 1972இல் மோதிய அதே ஊர். இப்போது துறைமுகத்தை ஒட்டிய ஹார்ப்பா என்ற கண்ணாடிக் கட்டடத்தில், ஸ்விஸ் முறையில் (விளக்கம் கீழே) ஒன்பது சுற்றாக நடக்கிறது. நமக்கும் இதில் பங்கு உண்டு: 2018இல் அதிபன் பாஸ்கரன், 2022இல் பிரக்ஞானந்தா, இருவருமே 9க்கு 7.5 எடுத்துப் பட்டம் வென்றார்கள். பிரக்ஞானந்தா கடைசிச் சுற்றில் வீழ்த்தியது குகேஷை.

நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

ஐஸ்லாந்தில் கோடைக்காக மணியை மாற்றும் பழக்கம் இல்லை. வருடம் முழுக்க கிரீன்விச் நேரம்தான். ஆகவே அங்கே பிற்பகல் 3 மணிக்குச் சுற்று ஆரம்பம் என்றால் சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் இரவு 8.30, சிங்கப்பூரில் 11 மணி. ஐரோப்பாவின் மற்ற நாடுகளில் நடக்கும் ஓப்பன்களுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. ஸ்பெயின், ஜெர்மனி, இத்தாலி எல்லாம் கோடையில் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் நாலரை மணி நேரம் பின்னால். மாற்றம் மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறுகளில் வரும். அந்த ஞாயிறு போட்டிக்கு நடுவே விழுந்தால் கட்டாயம் யாராவது ஒரு மணி நேரம் தவறிப் போய் உட்காருவார்கள்.

அடுத்து, ஆட்டம் எவ்வளவு நேரம் ஓடும் என்று கணக்குப் போடுங்கள். பெரிய ஓப்பன்களில் பரவலாக உள்ள முறை: முதல் 40 நகர்த்தலுக்கு 90 நிமிடம், பிறகு மீதி ஆட்டத்துக்கு 30 நிமிடம், முதல் நகர்த்தலிலிருந்தே ஒவ்வொன்றுக்கும் 30 விநாடி கூடுதல். நாற்பது நகர்த்தலுக்குள் அந்த 30 விநாடிகள் சேர்ந்து 20 நிமிடம் ஆகிவிடும். ஆக ஒருவருக்கு 110 நிமிடம், இருவருக்கும் சேர்த்து 3 மணி 40 நிமிடம். இரவு 8.30க்குத் தொடங்கிய ஆட்டம் 40ஆவது நகர்த்தலைத் தொடுவது அதிகபட்சம் 12.10க்கு. காலையில் வேலைக்குப் போகிறவர் முழுச் சுற்றும் விழிக்க வேண்டியதில்லை. தொடக்க நகர்த்தல்கள் எந்தத் திசையில் போயின என்று 9.30க்கு ஒரு பார்வை, பிறகு 11.15இலிருந்து 12.10 வரை உட்கார்ந்தால் போதும். கடிகாரத்தில் மூன்று நிமிடம், போட வேண்டியது பத்து நகர்த்தல் என்ற நெருக்கடியும் பெரிய தவறுகளும் அந்த நேரத்தில்தான் வரும்.

ஒன்பது சுற்றை ஒரு வாரத்துக்குள் முடிக்க வேண்டியிருப்பதால் ஏதோ ஒரு நாளில் இரண்டு சுற்று நடக்கும். கடைசிச் சுற்று, பரிசளிப்பு விழாவுக்காக, பெரும்பாலும் சீக்கிரமே தொடங்கிவிடும். வழக்கமான நேரத்துக்குத் திறந்து பார்த்தால் முடிவுகள்தான் இருக்கும். போட்டியின் தளத்தில் உள்ள கால அட்டவணையில் இந்த இரண்டு நாட்களையும் முதலிலேயே குறித்து அலாரம் வைத்துவிடுங்கள்.

இரண்டு ஜன்னல் திறந்தால் போதும்

ஒன்று, செஸ்-ரிசல்ட்ஸ் தளம். பேரிங், முடிவு, தரவரிசை எல்லாம் நடுவரின் கணினியிலிருந்து அங்கே ஏறும். இன்னொன்று, ஆட்டம் பார்க்க லிசெஸ் தளத்தின் நேரலைப் பகுதி. அது இலவசம், விளம்பரமும் இல்லை. செஸ் டாட் காமிலும் பார்க்கலாம்.

செஸ்-ரிசல்ட்ஸ் பார்க்கப் பழைய அரசு அலுவலகப் பதிவேடு போல இருக்கும். பயப்பட வேண்டாம். முதலில் தொடக்க வரிசைப் பட்டியலைத் திறங்கள். ரேட்டிங்படி எல்லோருக்கும் ஒரு எண் கொடுத்திருப்பார்கள். போட்டி முழுக்க அந்த எண் மாறாது. நம்மவர்களைத் தேடும்போது பெயர் சிக்கல் வரும். நம்மில் பலருக்குக் குடும்பப்பெயர் இல்லாததால் ஒரு தளத்தில் குகேஷ் டி என்றிருக்கும், இன்னொன்றில் அப்பா பெயரோ குடும்பப்பெயரோ முன்னால் வந்து தொம்மராஜு குகேஷ் என்றிருக்கும். பெயரைத் தட்டித் தேடி ‘இல்லை’ என்று வந்தால் விட்டுவிடாதீர்கள். நாடு வாரியாகப் பார்க்கும் வசதியில் இந்தியாவைத் தேர்ந்தெடுத்தால் எல்லோரும் ஒரே பக்கத்தில் வந்துவிடுவார்கள். உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே தரும் அடையாள எண் தெரிந்தால் அதுதான் சந்தேகத்துக்கு இடமில்லாத வழி.

வீரரின் வரியில் 45 என்ற எண்ணும், ஒரு டபிள்யூ எழுத்தும், அடுத்து 1ம் சேர்ந்தாற்போல இருந்தால், தொடக்க வரிசையில் 45ஆம் எண்காரரோடு வெள்ளைக் காயில் ஆடி ஜெயித்தார் என்று பொருள். பி எழுத்து கருப்புக் காய். முடிவின் இடத்தில் எண்ணுக்குப் பதிலாகக் கூட்டல் குறி இருந்தால் எதிராளி வரவில்லை, ஆடாமலே கிடைத்த புள்ளி அது; கழித்தல் குறி இருந்தால் இவர் ஆட வராமல் புள்ளியை விட்டார். ரேட்டிங்குக்கும் நார்முக்கும் (பட்டம் பெற ஒரு போட்டியில் எட்ட வேண்டிய தகுதி, கணக்கு பின்னால்) அது கணக்கில் வராது. எதிராளியே இல்லாமல் அரைப்புள்ளி இருந்தால் வீரர் முன்கூட்டியே கேட்டு வாங்கிய ‘பை’; விமானம் தாமதமாகி இரண்டாம் சுற்றுக்கு வந்து சேர்பவர்கள் இப்படி வாங்குவார்கள்.

ஸ்விஸ் முறை எப்படி ஜோடி சேர்க்கிறது

அடிப்படை விதி: ஒரே புள்ளி எடுத்தவர்கள் தங்களுக்குள் மோதுவார்கள், ஒருமுறை மோதியவர்கள் மறுபடி மோத மாட்டார்கள், யாரும் வெளியேற்றப்பட மாட்டார்கள். முதல் சுற்றில் எல்லோருக்கும் பூஜ்யம் என்பதால் மொத்தப் பட்டியலையும் நடுவே வெட்டி, மேல்பாதியைக் கீழ்பாதியோடு இணைப்பார்கள். 240 பேர் என்றால் 1ஆம் எண்ணுக்கு 121, 2ஆம் எண்ணுக்கு 122, இப்படியே 120க்கு 240. அதனால்தான் முதல் சுற்றில் ரேட்டிங் வித்தியாசம் 400, 500 என்று இருக்கும். இரண்டாம் சுற்றிலிருந்து ஒவ்வொரு புள்ளிக் குழுவையும் இதேபோல நடுவே வெட்டுவார்கள். குழுவில் ஒற்றைப்படையாக ஆள் மிஞ்சினால் ஒருவர் அடுத்த குழுவுக்கு இறங்கி ஆடுவார். வெள்ளையும் கருப்பும் சமமாக வரும்படியும், ஒரே நிறம் தொடர்ந்து மூன்று முறை வராதபடியும் மென்பொருள் பார்த்துக்கொள்ளும்.

இதிலிருந்து பார்வையாளருக்குக் கிடைக்கும் பாடம் ஒன்று உண்டு. முதல் இரண்டு சுற்றில் மேல்பலகைகளின் வெற்றி செய்தியே அல்ல, டிராதான் செய்தி. ஆகவே அந்த இரண்டு நாளும் 1ஆம் பலகையை விட்டுவிட்டு 40லிருந்து 70 வரை உள்ள முடிவுகளை மேலிருந்து கீழே ஓட்டிப் பாருங்கள். ரேட்டிங் குறைந்தவர் ஜெயித்த வரிகள் கண்ணில் படும். அந்தப் பெயர்களைக் குறித்து வையுங்கள். மூன்றாம் சுற்றில் அவர்கள்தான் மேல்பலகைக்கு ஏறி வருவார்கள்.

அடுத்த சுற்றின் பேரிங், கடைசி ஆட்டம் முடிந்து நடுவர் முடிவுகளைச் சரிபார்த்த பிறகே வரும். யாராவது இருவர் யானை முடிவாட்டத்தை ஐந்து மணி நேரம் இழுத்தால் நமக்கு நள்ளிரவு தாண்டிவிடும். காத்திருந்து பயனில்லை, காலையில் பார்த்துக்கொள்ளலாம்.

ஆறு பேரைத் தேர்ந்தெடுங்கள்

இருநூறு பேரையும் பின்தொடர யாராலும் முடியாது. ஒரு தாளில் ஆறு பெயர் போதும்: முதல் ஐந்து எண்ணுக்குள் ஒருவர், உங்களுக்குத் தெரிந்த தமிழ்நாட்டு வீரர் இருவர், கிராண்ட்மாஸ்டர் நார்முக்கு முயல்பவர் ஒருவர் (ஐஎம் எனும் இன்டர்நேஷனல் மாஸ்டர் பட்டமும் 2400 முதல் 2500க்குள் ரேட்டிங்கும் இருந்தால் பெரும்பாலும் அவர் அந்த ஆள்), ரேட்டிங் 2100க்குக் கீழ் உள்ள ஒரு சிறுவனோ சிறுமியோ, போட்டி நடத்தும் நாட்டுக்காரர் ஒருவர். ஒவ்வொரு சுற்றுக்கும் எதிராளியின் ரேட்டிங், பட்டம், நிறம், முடிவு என்று நான்கு கட்டம் எழுதுங்கள். ஐந்தாம் சுற்றுக்குள் அந்தத் தாள் தானாகவே பேச ஆரம்பிக்கும்.

நேரலையில் என்னென்ன கோளாறு வரும்

எல்லாப் பலகையும் நேரலையில் வராது. காயின் அடியில் உள்ள அமைப்பை உணர்ந்து நகர்த்தலை அனுப்பும் மின்பலகைகள் மேலே உள்ள சில பத்து மேசைகளுக்கு மட்டும்தான் இருக்கும். உங்கள் ஆள் 60ஆம் பலகையில் இருந்தால் ஆட்டம் தெரியாது, முடிவு மட்டும் வரும். சில போட்டிகளில் மீதி ஆட்டங்களையும் வீரர்கள் எழுதிக் கொடுத்த தாளிலிருந்து பிறகு தட்டச்சு செய்து கோப்பாகப் போடுவார்கள்.

நேரலை, நேரலையே அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். யாரும் வெளியிலிருந்து உதவி செய்துவிடக் கூடாது என்பதற்காகப் பல போட்டிகளில் 15 நிமிடம் தாமதித்தே அனுப்புவார்கள். திரையில் உங்கள் ஆள் வசதியாக யோசித்துக்கொண்டிருப்பார், செஸ்-ரிசல்ட்ஸில் தோற்றிருப்பார். ஆட்டத்தை ரசிக்க வேண்டுமென்றால் முடிவுப் பக்கத்தை அந்நேரம் திறக்காதீர்கள்.

திடீரென்று ராஜா பலகையின் நடுவில் போய் நிற்பதைப் பார்த்துப் புதியவர்கள் குழம்புவார்கள். ஆட்டம் முடிந்ததும் இரண்டு ராஜாக்களையும் நடுக் கட்டங்களில் வைத்துத்தான் மின்பலகைக்கு முடிவைச் சொல்ல வேண்டும். இரண்டும் வெள்ளைக் கட்டங்களில், அதாவது இ4, டி5இல் இருந்தால் வெள்ளைக்கு வெற்றி. கருப்புக் கட்டங்களான டி4, இ5இல் இருந்தால் கருப்புக்கு. ஒன்று வெள்ளையிலும் ஒன்று கருப்பிலும் இருந்தால் டிரா. அந்த வைப்பைப் பலகை சில சமயம் கடைசி நகர்த்தலாகவே பதிந்துவிடும். ‘ராஜாவை ஏன் அங்கே கொண்டுபோனார்’ என்று யோசிக்காமல் அதற்கு முந்தைய நகர்த்தலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இணைப்பு அறுந்தால் ஆட்டம் 23ஆவது நகர்த்தலிலேயே உறைந்து நிற்பதும் உண்டு. வீரர் ஒரு மணி நேரம் யோசிக்கிறார் என்று நினைத்துவிட வேண்டாம். பக்கத்துப் பலகையும் உறைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

என்ஜின் எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. கூட்டல் 1 என்றால் வெள்ளைக்குச் சுமார் ஒரு சிப்பாய் அளவு சாதகம். 0.3, 0.4 எல்லாம் மனிதர்கள் ஆட்டத்தில் ஒன்றுமே இல்லை. கூட்டல் 2 என்று காட்டும்போதும், அதைக் காப்பாற்ற ஒரே ஒரு சரியான நகர்த்தல்தான் இருக்கிறது, கடிகாரத்தில் ஒரு நிமிடம்தான் இருக்கிறது என்றால், சாதகம் யார் பக்கம் என்று சொல்வது கஷ்டம். எண்ணோடு சேர்த்துக் கடிகாரத்தையும் பாருங்கள். தினம் ஒரு ஆட்டத்தையாவது என்ஜினை அணைத்துவிட்டு, அடுத்த நகர்த்தலை நீங்களே ஊகித்தபடி பாருங்கள். லிசெஸில் ஒரே சொடுக்கில் அணைக்கலாம்.

நார்ம் கணக்கு

ஓப்பனில் கண்ணீரும் கொண்டாட்டமும் அதிகம் நடப்பது இந்த இடத்தில்தான். பட்டம் வெல்பவர் ஒருவர், நார்முக்கு ஆடுபவர்கள் பல பேர். கிராண்ட்மாஸ்டர் ஆக 2500 ரேட்டிங்கைத் தொட வேண்டும், கூடவே குறைந்தது 27 ஆட்டங்கள் அடங்கிய நார்ம்கள் வேண்டும். பெரும்பாலோருக்கு அது மூன்று நார்ம். ஒன்பது சுற்றுப் போட்டியில் ஒரு நார்முக்கு ஆட்டத்திறன் (அந்தப் போட்டியின் முடிவுகளை மட்டும் வைத்துக் கணக்கிடும் ரேட்டிங்) 2600 அளவில் இருக்க வேண்டும். எதிராளிகளில் மூன்று பேராவது கிராண்ட்மாஸ்டராகவும் ஐந்து பேராவது பட்டம் பெற்றவராகவும் இருக்க வேண்டும். இந்த ஐந்தில் கீழ்நிலைப் பட்டமான கேண்டிடேட் மாஸ்டர் சேராது.

எத்தனை புள்ளி வேண்டும் என்பது எதிராளிகளின் சராசரி ரேட்டிங்கைப் பொறுத்தது. சராசரி 2380 என்றால் 7 புள்ளி. 2434 ஆனால் 6.5 போதும். 2475 ஆனால் 6, 2520 ஆனால் 5.5. சராசரி 2380க்குக் கீழே போனால் எத்தனை புள்ளி எடுத்தாலும் நார்ம் இல்லை. முதல் சுற்றில் 2050 ரேட்டிங் ஆள் மாட்டிவிட்டால் சராசரி சரிந்துவிடுமே என்பதற்காக, எதிராளிகளில் ஒரே ஒருவரை மட்டும் 2200 என்று உயர்த்தி எண்ணிக்கொள்ள விதி இடம் தருகிறது.

இப்போது உங்கள் தாளை எடுங்கள். எட்டுச் சுற்று முடிந்து உங்கள் ஆள் 6 புள்ளி. எட்டு எதிராளிகளின் ரேட்டிங் கூட்டுத்தொகை 19,460 என்று வைப்போம். ஒன்பதாவது எதிராளி 2520 என்றால் மொத்தம் 21,980, சராசரி 2442. டிரா செய்தால் 6.5, நார்ம் கையில். ஒன்பதாவது எதிராளி 2410 என்றால் மொத்தம் 21,870, சராசரி 2430. இப்போது 7 வேண்டும், ஜெயித்தே ஆக வேண்டும். ரேட்டிங் குறைந்த எதிராளி வந்தது அதிர்ஷ்டமா துரதிர்ஷ்டமா என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. தாள் வைத்திருப்பவருக்குத் தெரியும்.

பேரிங்கே நார்மைத் தீர்மானித்த ஆட்டம் ஒன்று எல்லோருக்கும் தெரிந்த வரலாறு. 2018 ஜூனில் இத்தாலியின் கிரெடைன் ஓப்பனில், எட்டாம் சுற்றில் லூக்கா மொரோனியை வீழ்த்தியிருந்த பிரக்ஞானந்தாவுக்குக் கடைசிச் சுற்றில் 2482க்கு மேல் ரேட்டிங் உள்ள எதிராளி கிடைத்தால் போதும் என்ற நிலை. பேரிங்கில் வந்தவர் 2514 ரேட்டிங் நெதர்லாந்துக்காரர். ஆட்டம் தொடங்கும் முன்பே மூன்றாவது நார்ம் உறுதியாகிவிட்டது. 12 வயது 10 மாதத்தில் கிராண்ட்மாஸ்டர்.

ரேட்டிங் ஏறுவதும் இறங்குவதும்

தாளில் ஒரு ஓரமாக இதையும் குறிக்கலாம். ரேட்டிங்கில் 400 கூடுதலாக உள்ளவர் ஒரு ஆட்டத்தில் எடுப்பார் என்று எதிர்பார்க்கப்படும் புள்ளி 0.92. எடுத்த புள்ளிக்கும் எதிர்பார்த்ததுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பெருக்கும் எண், 2400ஐத் தொட்டவருக்கு 10; 18 வயதுக்குக் கீழே, 2300ஐத் தாண்டாதவருக்கு 40. ஆகவே 2400 ரேட்டிங் மாஸ்டர் 2000 ரேட்டிங் சிறுவனை ஜெயித்தால் கிடைப்பது 0.8. டிரா ஆனால் அவருக்குப் போவது 4.2, அதே டிராவில் சிறுவனுக்கு ஏறுவது 16.8. நம்மூர்ப் பிள்ளைகள் ஐரோப்பாவுக்கு வந்தால் அங்குள்ள மாஸ்டர்கள் முகம் சுளிப்பதில் நியாயம் இல்லாமல் இல்லை.

கடைசி இரண்டு சுற்று

எட்டாம் சுற்று முடிந்ததும் முதலிடத்திலும் அரைப்புள்ளி பின்னாலும் இருப்பவர்களை எண்ணுங்கள். முன்னணியில் இருப்பவருக்கு டிரா போதும் என்றால் ஒரு மணி நேரத்தில் கை குலுக்கிவிடுவார்கள். பல போட்டிகளில் 30 நகர்த்தலுக்கு முன் டிரா கேட்கக் கூடாது என்று விதி இருக்கும், ஆனால் ஒரே நிலையை மூன்று முறை கொண்டுவந்து டிரா செய்வதை அந்த விதி தடுக்காது. அன்று விறுவிறுப்பு 5ஆம் பலகையிலிருந்து 15 வரை இருக்கும். அரைப்புள்ளி பின்தங்கியவர்களுக்கு ஜெயித்தால் பரிசு, டிரா செய்தால் பூஜ்யம்.

புள்ளி சமமானால் யார் முன்னால் என்று தீர்மானிப்பது டைபிரேக். எது முதல், எது இரண்டாவது என்பது போட்டிக்குப் போட்டி மாறும், விதிமுறையில் பாருங்கள். அடிக்கடி வருவது புக்கோல்ட்ஸ்: எதிராளிகள் எல்லோரும் எடுத்த புள்ளிகளின் கூட்டுத்தொகை. ஒருவரின் ஒன்பது எதிராளிகள் 3.5, 4.5, 5, 5.5, 6, 6, 6.5, 6.5, 7 எடுத்திருந்தால் 50.5. மிகக் குறைந்த 3.5ஐ நீக்கினால் 47, அது ‘கட் 1’. முதலிரண்டு சுற்றில் தோற்று, பலவீனமானவர்களை ஜெயித்து மேலே வந்தவருக்கு இது குறைவாகவே இருக்கும். ஆரம்பத்திலிருந்து மேலேயே ஆடியவருக்கு அதிகம். உங்கள் ஆள் ஆட்டத்தை முடித்துவிட்டாலும், இரண்டாம் சுற்றில் அவரிடம் தோற்ற யாரோ ஒருவர் 80ஆம் பலகையில் இன்னும் ஆடிக்கொண்டிருந்தால் இடம் மாறலாம். கடைசி ஆட்டம் முடியும்வரை தரவரிசையைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போடாமல் இருப்பது நல்லது.

பரிசுத்தொகையைச் சில போட்டிகள் சமமாகப் பிரிக்கும், சில போட்டிகள் ஹார்ட் முறையில் பிரிக்கும். அதாவது பாதி அவரவர் இடத்துக்கு, பாதி பொதுவில். முதல் பரிசு 5000, இரண்டாவது 3000 யூரோ என்று வைத்துக்கொண்டால், இருவர் சமமாக வரும்போது சமப் பங்கில் ஆளுக்கு 4000. ஹார்ட் முறையில் டைபிரேக்கில் முந்தியவருக்கு 4500, மற்றவருக்கு 3500.

போட்டி முடிந்து சில நாட்கள் கழித்து செஸ்-ரிசல்ட்ஸ் பக்கத்தைத் திறந்தால் பட்டியல்கள் காணாமல் போனது போலிருக்கும். விவரங்களைக் காட்டு என்ற பொத்தான் ஒன்று இருக்கும், அதை அழுத்தினால் எல்லாம் திரும்பி வரும். ஃபிடே ரேட்டிங் பட்டியல் ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதி வெளியாகும். மாதக் கடைசியில் முடிந்த போட்டி என்றால் அடுத்த பட்டியலில் ஏறாமல் அதற்கடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகலாம்.